பெனலோப்பிக்கு என்ன அர்த்தம்?

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் தன் மகளுக்குப் பெனலோப்பி என்று பெயர் வைத்துவிட்டான். "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்றாள் பெரியம்மா. கிரேக்கக் கதை என்றால் எனக்கு வாய் நிற்காது என்பது குடும்பமே அறிந்த வியாதி.

நல்ல அர்த்தத்தை முதலில் சொன்னேன். கிரேக்கத்தில் 'பேனே' என்றால் தறியில் ஓடும் ஊடை நூல். ஹோமரின் ஒடிசி காவியத்தில் புருஷன் ஒடிசியஸ் போருக்குப் போய் இருபது வருஷம் வீடு திரும்பவில்லை. பெண் கேட்டு வந்த 108 பேர் அவன் வீட்டு ஆடு மாடுகளைத் தின்றுகொண்டே கிடக்கிறார்கள். "மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள் பெனலோப்பி. பகலில் நெய்வாள், ராத்திரியில் பிரிப்பாள். மூன்று வருஷம் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை! வேலைக்காரி காட்டிக்கொடுத்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

"கெட்டிக்காரி" என்றாள் பெரியம்மா.

ஆனால் மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இன்னொரு கட்சி. 'பேனெலோப்ஸ்' என்பது ஒருவகை வாத்து. பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். பழைய உரைகாரர்கள் அதற்கும் கதை வைத்திருக்கிறார்கள்: குழந்தையைப் பெற்றவர்களே கடலில் எறிய, வாத்துகள் தூக்கிவந்து கரை சேர்த்தனவாம். என் ஓட்டு வாத்துக்கே. நூல் கதை பெயருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்தல். தவிர, காவியத்திலேயே அவள் இருபது பெருவாத்து வளர்க்கிறாள். கழுகு ஒன்று அவற்றைக் கொல்வதாகக் கனவு கண்டு விம்மி அழுகிறாள். 'அந்த வாத்துகள்தான் உன்னைப் பெண் கேட்பவர்கள், நான் உன் புருஷன்' என்று கழுகே விளக்கம் சொல்கிறது. அழுததை என்ன செய்வது?

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒருபடி மேலே போய், ஆட்டுக்கால் தெய்வமான பானுக்கு அவள்தான் தாய், தகப்பன் ஹெர்மெஸ் தெய்வம் என்று கிரேக்கர்கள் பேசியதை எழுதிவைத்தார். அதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஒரு வாத்துக்கு 'பெனலோப்பி' என்றே அறிவியல் பெயர் வைத்தார். குளிர்காலத்தில் நம் பக்கமும் வலசை வருகிற வாத்துதான். நெற்றியிலிருந்து உச்சி வரை மஞ்சள் பட்டை இருப்பதால் தமிழில் அதற்கு நாமத்தலை வாத்து என்று பெயர்.

"பொம்பளை வாத்துக்குமா நாமம்?"

"இல்லை பெரியம்மா, ஆணுக்கு மட்டும்தான்."

"பின்னே? போட்டது அவளாச்சே!"