மருமகன் தொடங்கப்போற சரணாலயம்

வா மருமகனே, உக்காரு. கொழும்புக் கடை வேலையை விட்டுட்டு, நாய்க்கும் மாட்டுக்கும் சரணாலயம் போடப் போறியாமே? ஒங்கம்மா சொன்னா. போர்டு எழுத ஆளும் பாத்துட்டியாம். நல்லது. போர்டு தீனி கேக்காது, பெருசாவே எழுது.

பின்னவல ஆனை இல்லம் பக்கந்தானே, போய்ப் பாத்தியா? ஆத்துல ஆனை குளிக்கிறதைப் போன்ல படம் புடிச்சிருப்பே. நான் சொல்றது காலையில வந்து நிக்கிற தீனி லொறியை. வளந்த ஆனை ஒன்னு நாளைக்கு 150 கிலோ மட்டுல திங்கும். பத்து ஆனைக்கு ஒன்றரை டன். தென்னமட்டை, கித்துள், பலாக்கொப்பு. வெட்ட ஆள், ஏத்த ஆள், எறக்க ஆள், வண்டிக்கு டீசல். தின்னது அப்புறம் வெளிய வரும், அதையும் அள்ளணும். கேகாலைக் கெட்டிக்காரங்க அந்த லத்தியிலயே கடதாசி செஞ்சு விக்கிறாங்க. ஒன் நாய் போடறதுல என்னா செய்யலாம்னு இப்பவே யோசிச்சு வையி.

1975ல தாயில்லாக் குட்டிகளுக்காக வனசீவராசிக்காரங்க ஆரம்பிச்ச எடம் பின்னவல. 1978லேருந்து மிருகக்காட்சிசாலைக்காரங்க பாக்குறாங்க. பேரு அனாத இல்லம், ஆனா 1984லேருந்து அங்கேயே பிரசவமும் நடக்குது. 2021 ஆகஸ்ட் 31ல சுரங்கிங்கிற ஆனை ரெட்டைக் குட்டி போட்டப்ப ஊரே கைதட்டுச்சு. நான் தீனிக் கணக்குப் போட்டேன். அதே வருசம் மார்ச்சுலதான் நம்ம தோட்டத்துச் சனத்துக்கு ஆயிரம் ரூவா நாட்சம்பளம் கெடச்சது. எத்தன வருசம் கத்துனோம்! ஆனை கத்தவே வேணாம், தும்பிக்கையத் தூக்குனாப் போதும்.

அங்க பின்னால அரசாங்கம் நிக்குது, முன்னால டிக்கெட் வாங்குற வெள்ளைக்காரன் நிக்கிறான். கொரோனாவுல வெள்ளைக்காரன் வரல, கேட்டைப் பூட்டுனாங்க. ஆனை வயித்தைப் பூட்ட யாராலயும் முடியல. ஒனக்குப் பின்னால யாரு நிப்பா? நானா? எனக்கு முட்டி வலி.

இரத்தினபுரி மாவட்டத்துக் கோடியில உடவளவையில ஆனைக்குட்டிக்கு இன்னொரு எடம், 1995ல தொறந்தது. அவங்க சூட்டிகை. குட்டிக்கு மூனு மணி நேரத்துக்கொருதரம் பால் குடுத்து வளத்து, தேறுனதும் காட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ ஒன் நாயை எந்தக் காட்டுக்கு அனுப்புவே? ஒன் வீட்டுக்குள்ள வர்ற வழி அகலம், போற வழி கிடையாது. நாலு மாசத்துல ராத்திரியில பைக்குல வந்து ஒன் வாசல்ல நாய்க்குட்டிகளக் கொட்டிட்டுப் போவாங்க. சரணாலயம்னு நீதானே போர்டு போட்டே?

தீனிச் செலவு எல்லாருக்கும் தெரியும்டா. ஆளுதான் முழுங்கும். நம்ம தோட்டத்துல காலையில பெரட்டுக்களத்துல பேர் விழலேன்னா சம்பளம் இல்ல, ஞாயித்துக்கிழமை லீவு. நாய்க்கு ஞாயிறு தெரியாது, தீபாவளி தெரியாது. மழையில லயத்தோட தகரம் ஒழுகுற மாதிரி ஒன் கொட்டாயும் ஒழுகும். மாட்டுக்குக் காச்ச வந்தா டாக்டரு ஏறி வர்ற வண்டிக்கூலி ஒன் தலையில. விசர் ஊசி அரசாங்கம் சும்மா போடுது, அதை விட்டுறாதே. பெட்டைக்கு ஆப்பரேசனை முதல்ல செஞ்சிடு. இல்லேன்னா ரெட்டைக் குட்டிக்கே கணக்குப் பாத்த மாமன் ஒன் எட்டுக் குட்டிக்கும் பாக்க வேண்டியதாப் போகும்.

மொகத்தைச் சுருக்காதே. மனசு நல்ல மனசுதான், யாரு இல்லேன்னா? ஒரு காரியம் செய்யி. மேல் லயத்துக் கோயில் திண்ணையில ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கு, போன வாரந்தான். யாரும் கவனிக்கல. அதையும் குட்டிகளையும் ஒரு மாசம் நீயே பாரு. ஒவ்வொரு நாளும் செலவைத் தோட்டத்துப் பேர்ப்பதிவுச் செக்ரோல் மாதிரி எழுதிக்க: சோறு இவ்வளவு, மீன்தலை இவ்வளவு, ஆப்பரேசனுக்கு வேன் இவ்வளவு, ஒன்னோட அரைநாள் கூலி, அதான் அரைப்பேர், இவ்வளவு. அரைப்பேரை மறக்காம எழுது, எல்லாரும் அதைத்தான் மறைப்பாங்க.

மாசக் கடைசியில அந்தக் கொப்பிய எடுத்துட்டு வா. போர்டுக்குப் பெயிண்டு நான் வாங்கித் தர்றேன். சின்ன டின்னு.