ரேம் காவலர்

பேராதனை வளாகத்தில் அக்பர் பாலத்தின் இரு கரையிலும் ரேம் காவலரைக் காணலாம். பொறியியல் பீடம் இருக்கிற கரையில் கொஞ்சம் கூடுதல் என்பது என் சந்தேகம். படிப்பு இந்த வருத்தத்தை மாற்றுவதில்லை. லாப்டொப்பைத் திறந்ததும் மற்றவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். இவர் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மனேஜரில் மெமரி, அதாவது ரேம், எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பார். 61. முகம் வாடும். 64. "தம்பி, குரோமிலை என்னத்தைத் திறந்து வச்சிருக்கிறாய்?" என்று விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலுக்கும் விசாரணை போகும். பிறகு, ரேமைத் துப்புரவாக்குவதற்கென்றே இறக்கிவைத்த மென்பொருளின் பொத்தானை அழுத்துவார். எண் 38க்கு இறங்கும். அந்த மென்பொருளும் ரேமில் தன் பங்குக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்று அவரிடம் சொல்வது நாகரிகமல்ல.

வெறுமையாகக் கிடக்கும் ரேம்தான் சேமிப்பு என்பது அவருடைய நம்பிக்கை. வெற்று இருக்கை நட்டம் என்பதைக் கண்டி பஸ் கொண்டக்டர் எவரும் சொல்வார். விண்டோஸும் கொண்டக்டரின் கட்சிதான். 2007இல் கடைக்கு வந்த விஸ்டா முதல், நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருட்களின் பகுதிகளை அது முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கிறது. வேறு வேலைக்கு இடம் கேட்டால் உடனே இறக்கிவிடுகிறது. காவலரின் பொத்தானோ, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருட்களையே இடத்தைக் கைவிடச் செய்கிறது. அவற்றின் சரக்கில் ஒரு பகுதி வட்டிலுள்ள பேஜ் ஃபைலுக்குப் போகிறது. வேர்டை மறுபடி தொட்டதும் போனதெல்லாம் திரும்பி வரவேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். அந்தத் தாமதத்தைக் கண்டு, ரேம் போதவில்லை என்று அவர் இன்னொருமுறை பொத்தானை அழுத்துவார். இந்த நம்பிக்கையை விற்றுக் காசாக்கியவர்களும் உண்டு. 1995இல் அமெரிக்க நிறுவனமான சின்க்ரோனிஸ், ரேமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி சொஃப்ட்ராம்95ஐ விற்றது. விண்டோஸ் 95இல் அது எதையும் இரட்டிப்பாக்கவில்லை. விவகாரம் அந்நாட்டு வர்த்தக ஆணையம்வரை போனது. நிறுவியதும் கணினி பறக்கிறது என்று சத்தியம் செய்தவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள்.

"4 ஜிபி மெஷினை வச்சுக்கொண்டு வேறென்ன செய்யிறது?" என்பது அவர் தரப்பு நியாயம். அது சரிதான். எண் 95ஐத் தொட்டு, வட்டும் ஓயாமல் ஓடினால் நெருக்கடி உண்மையானது. எடுத்த ரேமைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் தின்னும் மென்பொருட்களும் இருக்கின்றன. ஆனால் அதற்கு வழி, டாஸ்க் மனேஜரில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கி, முதலில் நிற்பதை மூடுவது. அல்லது ரேம் கூட்டிப் போடுவது. காவலரோ குரோமில் திறந்திருக்கும் 40 தாவல்களில் ஒன்றையும் மூட மாட்டார். எல்லாம் தீசிஸுக்கு வேண்டியவை. கடைசியில் கண்டி டவுனுக்குப் போய் 16 ஜிபியாக்கிக்கொண்டு வருவார். இடம் கண்டதும் விண்டோஸும் குரோமும் தாராளமாகக் கால் நீட்டும். அன்று நடுச்சாமம் பக்கத்துக் கட்டில் உலுக்கப்படும்: "தம்பி, எழும்பு! முந்தி 3 ஜிபிதான் தின்னது, இப்ப 6 தின்னுது. வைரஸாத்தான் இருக்கும்!"