முதலில் கல், அப்புறம்தான் மீன்

கடல் மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது, "என்ன மீன்?" ஒருவர்கூட "என்ன கல்?" என்று கேட்கவில்லை. நன்னீர்த் தொட்டி பார்த்தே பழகியவர்கள். அதில் நாலு கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் முதலை பொம்மை என்று வேலையை முடித்துவிடலாம். உப்புநீர்த் தொட்டியில் சம்பளமில்லாமல் ராப்பகலாக உழைப்பது கல்தான். அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்ஸிஜன் எட்டாத உள் இடுக்குகளில் நைட்ரேட்டையும் வாயுவாக்கி அனுப்பிவிடும். மீன் சும்மா இப்படியும் அப்படியும் போய்க்கொண்டு பெயர் வாங்கும்.

இதை என் மச்சானிடம் விளக்கியபோது அவன் கவலை வேறாக இருந்தது. "மாமா, திருவான்மியூர்ல வீட்டை வச்சுக்கிட்டு உப்பைக் காசு குடுத்து வாங்குறீங்களா? ரெண்டு கேன் எடுத்துக்கிட்டுப் போனா முடிஞ்சுது." கூவமும் அடையாறும் எதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதை நினைத்தால் அந்தக் கரைத் தண்ணீரில் காலை நனைக்கவே எனக்கு யோசனை. சமையல் உப்பும் ஆகாது. கடல்நீரில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். என் தொட்டி நாலடி நீளம், 250 லிட்டர். உப்பு மூட்டை வந்து இறங்கியதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "கருவாடு போடப் போறீங்களா சார்?" என்றார்.

கல் வாங்கக் கொளத்தூர் போனேன். மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கிற இடம். "லைவ் ராக் இருக்கா?" என்று கேட்டதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ராமநாதபுரத்துச் சரக்கு சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க." லைவ் ராக் என்பது கடலிலிருந்து உயிர்களோடு எடுத்துவரும் பவளக்கல். கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தேன். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. புலியை ஹாலில் வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காபி கொடுக்க முடியாது. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. நம் வீட்டு ஷோகேஸுக்காக இன்னொன்று போக வேண்டாம்.

உயிருள்ள கல்லில் இன்னொரு வம்பும் உண்டு. அதற்குள் யார் ஒளிந்துகொண்டு வருகிறார்கள் என்று தெரியாது. இங்கிலாந்தில் நியூக்கி என்ற ஊரின் மீன் காட்சியகத்தில் பவளம் துண்டு துண்டாகிக்கொண்டே இருந்தது, மீனுக்கும் காயம். 2009இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது நாலடி நீளத்துக்கு ஒரு புழு வெளியே வந்தது. அதற்கு 'பேரி' என்று பெயரும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் பல்லிக்கே ஊரைக் கூட்டுவார்கள்.

ஆகவே காய்ந்த கல். முன்னொரு காலத்தில் கடலாக இருந்து இப்போது தரையாகிவிட்ட இடங்களில் வெட்டியெடுப்பது ஒரு வகை. ஆலையில் செய்வது இன்னொரு வகை. கையில் எடுத்ததும் 'இவ்வளவு பெரிய கல்லுக்கு இவ்வளவுதான் கனமா?' என்று தோன்ற வேண்டும். தோன்றினால் உள்ளே துளை நிறைய. ஒரு மூலையில் வினிகர் விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும். நான் பாக்கெட்டிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்ததும் கடைப்பையன் முதலாளியைக் கூப்பிட்டான். முகர்ந்தும் பார்த்தேன். துருப்பிடித்த கோடு ஏதாவது ஓடுகிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்தேன். எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பழைய கணக்கு. இப்போது அதற்குக் குறைவாகவே போடுகிறார்கள். 20 கிலோ எடுத்தேன். பில்லைப் பார்த்த மனைவி, "ஏங்க, இந்தக் காசுக்கு கிச்சனுக்கு கிரானைட்டே போட்டிருக்கலாமே" என்றாள்.

அடுக்குவதிலும் முறை உண்டு. கல்லைக் கண்ணாடித் தரையில் நேரே உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். மணல்மேல் வைத்தால், அடியில் குழி பறிக்கிற மீன் ஏதாவது ஒருநாள் ராத்திரி மொத்தத்தையும் சாய்த்துவிடும். குகை, வளைவு, தண்ணீர் ஓட இடைவெளி எல்லாம் விட்டு, பசை வைத்து ஒட்டி, பெருமையாகத் தள்ளி நின்று பார்த்தேன். "புத்து மாதிரி இருக்கு" என்றார் அம்மா. மறுநாள் காலையில் கண்ணாடியில் மஞ்சள் குங்குமம். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா வைத்திருக்கிறார். பால் ஊற்றாமல் விட்டாரே.

பிறகு காத்திருப்பு. பாக்டீரியா பெருக ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். அதற்கு அம்மோனியா வேண்டும். ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுவது பழைய வழி. "தொக்கு வைக்கிற இறாலைக் கல்லுக்குப் படைக்கிறான்" என்று அம்மா போனில் பெரியம்மாவிடம் சொல்வது என் காதில் விழும்படியாகவே விழுந்தது. கல்மேல் பழுப்பாக ஒரு படலம் வேறு வந்தது. அது வரும், போகும். ஹாலில் மின்விசிறி சுற்ற, தொட்டிக்கு மட்டும் சில்லர். சென்னை மே மாதத்தில் 25, 26 டிகிரியில் சுகமாக இருந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

மீன் வாங்க மகனும் வந்தான். பட்டியலில் முதல் பெயர், 'ஃபைண்டிங் நீமோ' படத்து டோரி. அந்த ப்ளூ டாங் கடையில் இருக்கும்போது பிஸ்கட் அளவு, வளர்ந்தால் ஓரடி. தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்கியதே 2016இல்தான், ஃப்ளோரிடாவில். கடையில் இருப்பது அநேகமாகக் கடலில் பிடித்தது. வேண்டாம். நீல டாம்சல்? மலிவு, முரட்டு உடம்பு, சாகாது என்று கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார். சாகாது என்பது நிஜம்தான். முதலில் இறங்கினால் தொட்டி முழுவதையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். பிறகு வருகிறவனை நிம்மதியாகத் தின்னவிடாது. மாண்டரின் மீன் என் கண்ணிலேயே நின்றது. பட்டுப்புடவைக்காரர்கள் பார்த்தால் விட மாட்டார்கள். ஆனால் அது கல்லில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டிய ஜீவன். புதுக் கல்லில் பட்டினிதான்.

எது வாங்கினாலும் என் முன்னால் ஒரு வாய் தின்றுகாட்ட வேண்டும் என்றேன். "பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். தின்னாத மீன், வயிறு ஒட்டிய மீன், வெள்ளைப் புள்ளி வைத்த மீன் எல்லாம் கழிந்தபின் தேறியவை இரண்டு குட்டிக் க்ளவுன் மீன்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலேயே பொரிக்க வைத்த இனம். கடலில் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை. கடலில் அது குடியிருக்கும் அனிமோன் இல்லாமலும் இருந்துகொள்ளும்.

இரண்டுக்கும் விக்ரம், வேதா என்று மகன் பெயர் வைத்துவிட்டான். ஆனால் க்ளவுன் மீனில் பிறக்கும்போது பெண்ணே கிடையாது. இருப்பதில் எது பெரிதாகி ஆட்டிவைக்கிறதோ, அது பெண்ணாக மாறிவிடும். இப்போதைக்கு வேதாதான் கொஞ்சம் பெரிசு. பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர், தப்பித்தோம். விக்ரம் முந்திக்கொண்டால்தான் சிக்கல். அதனால் தீனி போடுகிறபோது என் கை வேதா பக்கமாகவே போகிறது.