நேரம் தவறாத வழிகாட்டி அம்மாவுக்கு

ஐரோப்பாவின் ஓர் அருங்காட்சியகத்தில் கெர்ஹார்ட் ரிக்டரின் ஓவியங்களை எங்களுக்குச் சுற்றிக் காட்டினீர்களே, அம்மா, உங்களைப் போல் நேரம் காப்பவரை நான் பார்த்ததில்லை. 11 மணிக்குத் தொடங்கும் என்று சீட்டில் இருந்தது, தொடங்கியது. 60 நிமிடம் என்றிருந்தது. அறுபதாவது நிமிடத்தில் நினைவுப்பொருள் கடை வாசலில் நின்றோம். ஒரு மனிதரின் 50 ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. ஓர் அறையையும் நீங்கள் விடவில்லை, எங்கள் 20 பேரில் ஒருவரையும் தொலைக்கவில்லை.

நினைவாற்றலும் பெரிது உங்களுக்கு. 1932-இல் டிரெஸ்டனில் பிறந்தவர், 1961-இல் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே வந்தவர் என்று எதற்கும் குறிப்புத்தாளைப் பார்க்கவில்லை. ஆனாலும் உங்கள் குரல் மலர்ந்தது விலையைச் சொன்னபோதுதான். 1986-இல் அவர் வரைந்த ஓர் அரூப ஓவியம் 2015-இல் லண்டன் ஏலத்தில் 3 கோடி பவுண்டுக்கு மேல் போனது என்றீர்கள். கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளிழுத்தது. அந்த ஓவியம் அங்கே இல்லை. இல்லாததை எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நாங்கள் அப்போது நின்றிருந்தது 'பிர்கெனாவ்' ஓவியங்கள் நான்குக்கு முன்னால்.

அந்த நான்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொன்றும் 260 சென்டிமீட்டர் உயரம், 200 அகலம். 2014-இல் வரைந்தவை. விற்பதில்லை என்று ஓவியர் முடிவுசெய்தவை. 1944 ஆகஸ்டில், ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து, ஒளிந்து நின்று 4 புகைப்படங்கள் எடுத்தார்கள். பற்பசைக் குழாய்க்குள் படச்சுருள் வெளியே போயிற்று. ரிக்டர் அந்தப் படங்களைக் கித்தானில் வரைந்தார். பிறகு அவற்றின்மேல் சாயம் பூசி, நீளப் பலகையால் இழுத்து, மறுபடி பூசி, வரைந்தது முழுக்க மறையும்வரை போனார். காட்ட முடியாது என்று ஒரு கை ஒப்புக்கொண்ட இடம் அது. அதன் முன்னால் பேசாமல் நிற்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இத்தனையையும் 3 நிமிடத்தில், தெளிவாகச் சொல்லி முடித்தீர்கள். நான்காவது நிமிடம் எங்களுக்கென்று இருக்கும் என எதிர்பார்த்தேன். அதையும் நீங்கள் வீணாக்கவில்லை. விலையைச் சொன்னது அந்த நிமிடத்தில்தான்.

எதிர்ச்சுவரில் சாம்பல் நிறக் கண்ணாடிகள் நான்கு. ஓவியத்தைப் பார்க்க வந்தவர் தன்னையும் அதனோடு சேர்த்துக் காணட்டும் என்று ஓவியர் வைத்தவை. நீங்கள் எங்கள் பக்கம் திரும்பாமலே அந்தக் கண்ணாடியில் எங்களை உதடசைத்து எண்ணினீர்கள். இருபதும் சரியாக இருந்தது.

கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு சிவப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் நகர்ந்தது தெரியவில்லை. காதுக்கருவியில் உங்கள் குரல் தேய்ந்து இரைச்சலாயிற்று. நீங்கள் எனக்காகவே திரும்பி வந்தீர்கள். தோளைத் தொட்டு, அடுத்த அறையில் வண்ணச் சதுரங்கள் இருக்கின்றன, மிகவும் அழகானவை என்றீர்கள். முகத்தில் சிடுசிடுப்பே இல்லை. அந்தக் கனிவை நான் மறக்கவில்லை, அம்மா. நீங்கள் அதட்டியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். அந்தக் கனிவுதான் என்னை அந்த இடத்திலிருந்து பெயர்த்தது.

அன்றிரவு கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு வரவில்லை, 3 கோடி வந்தது. அழுகையாக வந்தது எனக்கு.

மறுநாள் இன்னொரு சீட்டு வாங்கித் தனியாகப் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. புதிய கூட்டத்தோடு நீங்கள் வந்தீர்கள். பற்பசைக் குழாய், பலகை, 3 கோடி. முந்தைய நாள் சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை. பிறகு கண்ணாடியைப் பார்த்து எண்ணத் தொடங்கினீர்கள். என்னையும் சேர்த்து ஒன்று கூடுதலாக வந்திருக்க வேண்டும். முதல்முறையாக ஓவியங்களின் பக்கம் திரும்பினீர்கள்.