மறுக்கா போடுங்க அப்புச்சி

குழந்தைகளுக்கென்று வெளிவருகிற இசை ஆல்பங்களில் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது. பாடுவது பெரியவர்கள். காசு கட்டுவது அப்பா. நல்லது கெட்டது பார்த்து மார்க் போடுவது அம்மா. ஆடுவது குழந்தை. அத்தனை பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை காதில் வாங்குகிறவர் வீட்டுக்கு ஒருவர்தான்: பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் அப்புச்சி. எங்கள் வீட்டில் அந்தப் பதவி இப்போது என்னிடம் இருக்கிறது.

பாதி ஆயுளைக் கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கழித்தவன் நான். டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கி எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் லேத்து ஓடும் சத்தம் கேட்ட காலத்து ஆள். பேரிங் போன ஐந்து எச்.பி. மோட்டாரைப் பக்கத்தில் ஓடவிட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டிருக்கிறேன். சத்தத்துக்கெல்லாம் அசருகிறவன் இல்லை. ஆனால் மோட்டாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓடி முடித்ததும் கையைத் தட்டி, ‘மறுக்கா!’ என்று கேட்காது.

பேத்திக்கு மூன்று வயது. காலையில் சரவணம்பட்டிக்கு வேலைக்குக் கிளம்பும்போது மகள் எங்களிடம் பாப்பாவையும், தண்ணீர் பாட்டிலையும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரையும் ஒப்படைப்பாள். பாட்டிலைத் தொலைத்தால் மன்னிப்பு உண்டு. ஸ்பீக்கருக்குச் சார்ஜ் இறங்கிவிட்டால் யாரும் காப்பாற்ற முடியாது.

எங்கள் நாள் சுறாவோடு விடியும். கொரியாவில் பிங்க்ஃபாங் என்ற கம்பெனி 2016-இல் வெளியிட்ட ‘பேபி ஷார்க்’ பாட்டைத்தான் சொல்கிறேன். 2020 நவம்பரில் யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட காணொளி என்ற இடத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஆயிரம் கோடிப் பார்வையைத் தொட்டது. அதற்கு முன் எந்தக் காணொளியும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. உலக ஜனத்தொகையே எண்ணூறு கோடி. ஆளுக்கொரு தடவை பார்த்தாலும் இருநூறு கோடி இடிக்கிறதே என்று கணக்குத் தெரிந்தவர்கள் குழம்ப வேண்டாம். அது எங்கள் வீட்டுக் கணக்கு.

அந்தப் பாட்டைக் குடும்பப் பாட்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. குட்டிச் சுறா, அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா என்று ஒரு ரேஷன் கார்டே அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கையால் வாய் செய்து காட்ட வேண்டும். குட்டிக்கு இரண்டு விரல் போதும். அப்பாவுக்கு இரண்டு கையும் வேண்டும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதாவது பொக்கை வாய். தாத்தா வரும் இடத்தில் பாப்பா பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்குப் பல் இன்னும் வரிசையாக இருக்கிறது. கடலை மிட்டாயே கடிப்பேன். ஆனாலும் விரலை மடக்கிக் காட்டும்வரை பாட்டு மேலே நகராது.

“ஏனுங், அந்தப் பொட்டியச் சித்த அணைச்சாத்தான் என்ன?” என்று சமையலறையிலிருந்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். அணைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், சுறா எவ்வளவு அமைதியான பிராணி என்று.

மூன்று வயதுக்குப் புதுசு பிடிக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதும், அது சொன்னபடி வந்து சேர்வதும்தான் அந்த வயதின் சந்தோஷம். இது எங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் புரிவதில்லை. அவர் வாரத்துக்கொரு புது ஆல்பத்தோடு வருவார். “மாமா, இது வேற லெவலுங்க. குழந்தைக்கும் ஆகும், நமக்கும் ஆகும். கிராமி வாங்கினதுங்க” என்று ஒருநாள் போட்டுவிட்டார். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் இருக்கும் ஃபால்குனி ஷா, ‘எ கலர்ஃபுல் வேர்ல்ட்’ என்ற ஆல்பத்துக்காக 2022-இல் குழந்தைகள் இசைக்கான கிராமி விருது வாங்கியவர். பாட்டு நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளை தலையாட்டினார், மகள் தலையாட்டினாள், நானும் ஆட்டி வைத்தேன். பாப்பா ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மரியாதையாக முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “சுறா எப்ப வரும்?” என்றாள். கிராமி நடுவர் குழுவில் மூன்றடி உயரத்தில் ஒரு ஆளையாவது சேர்க்கவேண்டும்.

அந்த விருதின் பழைய கதையைக் கேட்டபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1959-இல் முதல் கிராமி விழாவிலேயே குழந்தைகளுக்கான இசைத்தட்டுக்கு ஒரு பரிசு இருந்திருக்கிறது. அதை வாங்கியது, மூன்று அணில்கள் பாடுவதாக அமைந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. அணில் குரலை எப்படிக் கொண்டுவந்தார்கள்? டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு நிதானமாகப் பாடி, முழு வேகத்தில் திருப்பிப் போட்டார்கள். அவ்வளவுதான். ஆர்.பி.எம். சமாச்சாரம். கணபதியில் இது தெரியாத பட்டறைப் பையன் உண்டா? 33-இல் ஓடவேண்டிய தட்டை 45-இல் வைத்து டி.எம்.எஸ். குரலை அணில் குரலாக்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். எங்களுக்கு விருது கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“கொரியாக்காரன வுடுங்க மாமா, உலகத்துக்கே ரைம்ஸ் போடறது நம்ம மெட்ராஸ்காரங்கதான்” என்றார் மாப்பிள்ளை. சூச்சூ டிவியைச் சொன்னார். 2013-இல் சென்னையில் வினோத் சந்தர் தன் மகளுக்காக விளையாட்டாகச் செய்த காணொளியில் தொடங்கிய கம்பெனி அது. அவர்கள் ஊர் உலகத்து ரைம்ஸைக்கூட அப்படியே விடுவதில்லை. மலையேறி உருண்டு விழும் ஜாக்கும் ஜில்லும் அவர்கள் காணொளியில் எழுந்து மறுபடி ஏறுகிறார்கள். விழுந்த குழந்தையைத் தூக்காமல் பாட்டை முடிக்க நம் ஊரில் யாருக்கு மனசு வரும்?

அந்த வினோத் சந்தரின் அப்பா யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இசையமைப்பாளர் சந்திரபோஸ்! 1989-இல் எஸ்.பி. முத்துராமன் எடுத்த ‘ராஜா சின்ன ரோஜா’வில், ரஜினியும் குழந்தைகளும் காட்டுக்குள் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடுவார்களே, அந்தப் படத்துக்கு இசை அவர்தான். அப்பா ரஜினியோடு கார்ட்டூன் மிருகங்களைச் சேர்த்தார். மகன் ரஜினியை எடுத்துவிட்டு மிருகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். எங்கள் தொழிலில் இதை ‘அப்பன் கட்டின காயில்ல கம்பி மாத்துறது’ என்போம்.

நமக்குக் குழந்தைப் பாட்டு இல்லாமல் இல்லை. இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அழ. வள்ளியப்பா எழுதிக் குவித்தார். கவிமணி எழுதினார், பாரதி எழுதினார். மெட்டு மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை ஒண்ணாம் வகுப்பு டீச்சர்கள் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு முழுக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும், எந்தக் கவிஞர் எழுதிய எந்தப் பாட்டுக்கும், ஒரே மெட்டு. வாய்ப்பாட்டுக்கும் அதேதான். ஒருநாள் துணிந்து அந்த மெட்டில் வள்ளியப்பாவைப் பாடிக் காட்டினேன். பாப்பா என் சட்டைப் பையை எட்டிப் பார்த்துவிட்டு, “படம் எங்க அப்புச்சி?” என்றாள்.

சினிமாவில் குழந்தைகளுக்குப் பாடியது யார் என்று நினைக்கிறீர்கள்? எம்.எஸ். ராஜேஸ்வரி. 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் பொடியன் கமலஹாசனுக்குக் குரல் கொடுத்தார். 1990-இல் ‘துர்கா’வில் பேபி ஷாமிலிக்குக் கொடுத்தார். இடையில் கமல் வளர்ந்து பெரியவராகி, ‘நாயகன்’ ஆகி, அந்தப் படத்திலேயே ராஜேஸ்வரி ஜமுனாராணியோடு சேர்ந்து ஒரு பாட்டும் பாடிவிட்டார். குழந்தைகள் எல்லாரும் வளர்ந்தார்கள். குரல் மட்டும் ஐம்பது வயதைத் தாண்டியும் பால்பல்லோடு இருந்தது. நிஜக் குழந்தைகள் கும்பலாகப் பாடியது ‘அஞ்சலி’யில். அதுவும் 1990. இளையராஜாவுக்கு ஐந்நூறாவது படம். அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்தக் கும்பலில் இருந்தார்கள். மாப்பிள்ளை சொல்லும் ‘ஃபேமிலி ஆல்பம்’ என்பதற்கு அதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

எங்கள் வீட்டு ஆல்பம் காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் தயாரானது. வெறும் கேசட் வாங்கி, வெள்ளைத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், பதிந்து வைத்திருப்பார்கள். ஏ பக்கம் மகளுக்காக ‘அஞ்சலி’. பி பக்கம் எனக்காக டி.எம்.எஸ். முருகன் பாட்டு. கடைசியில் மிஞ்சிய இடத்தில் என் மாமியாருக்காக எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்று. அந்த அம்மன் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும், டேப் அவ்வளவுதான். இன்றைக்கும் கோயில் மைக்கில் அதே பாட்டைப் போட்டால், அந்த இடம் வந்ததும் மகள் தன்னையறியாமல் எழுந்து கிளம்புகிறாள்.

அந்தக் கேசட்டுக்கும் முந்தின ஆல்பம் ஒன்று உண்டு. கந்த சஷ்டி கவசம். தேவராய சுவாமிகள் எழுதியது. எங்கள் பக்கத்துச் சென்னிமலையில் அரங்கேறியது என்று சொல்வார்கள். சூலமங்கலம் சகோதரிகள் குரலில் அது ஓடாமல் எங்கள் தெருவில் வாசல் தெளித்ததில்லை. இங்கிலீஷ் ரைம்ஸில் தலை, தோள், முட்டி, கால்விரல், கண், காது, வாய், மூக்கு என்று தொட்டுக் காட்டி உடம்பைச் சொல்லித்தருகிறார்களாம். எட்டே உறுப்பு! நம் கவசத்தில் நெற்றி, கண், காது, மூக்கு என்று தொடங்கிக் கால்வரை ஒன்று விடாமல் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேல் காவல். பாப்பா எல்.கே.ஜி. சேருவதற்கு முன்பே உடற்கூற்றில் பாஸ். இன்னொன்றையும் கவனியுங்கள். கவசத்தில் முப்பத்திரண்டு பல்லுக்கும் பாதுகாப்பு கேட்கப்படுகிறது. சுறாப் பாட்டில் தாத்தாவுக்குப் பல்லே கிடையாது. எது குடும்பத்தோடு கேட்க உகந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைக்கென்று தனியாகப் பிரித்துச் செய்த பாட்டு எதுவும் எங்கள் வீட்டில் நின்றதில்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்காரி வள்ளி கும்மி வகுப்பில் சேர்ந்தபிறகு அது உறுதிப்பட்டுவிட்டது. கோவைப் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிதான். ஆண்களே ஆடிவந்த கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எங்கள் பகுதியில் பொழுதோடு கோயில் திடலில் பயிற்சி. ஆசிரியர் மைக்கில் பாடுவார்; பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து மூட்டுவலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்த அம்மணிகள்வரை ஒரே வட்டம், ஒரே அடி. அரங்கேற்றத்துக்கு ஒரே நிறத்தில் சேலை என்று தீர்மானம். எந்த நிறம் என்பதில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

கதையோ பாப்பாவுக்கென்றே செய்தது. தினைப்புனம், கிளி, கவண்கல். நடுவில் ஒரு யானை வேறு வருகிறது. வள்ளியைப் பயமுறுத்த வரும் அந்த யானை விநாயகர்தான் என்று வீட்டுக்காரி சொன்னதும் பாப்பா, “நம்மூரு கணபதியா?” என்று கேட்டு, ஊர்ப் பெருமையோடு இரண்டு நாள் துதிக்கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் முருகன் கிழவர் வேஷத்தில் வந்து தேனும் தினைமாவும் கேட்கும் இடம் வந்தது. வட்டத்துக்குள் நின்ற பாப்பா சட்டென்று திரும்பி, திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து விரலை மடக்கிக் காட்டினாள். பக்கத்தில் ஆடிய இரண்டு சிறுசுகளும் காட்டின. அடுத்த சுற்றில் பாதி வட்டம் காட்டியது. ஆசிரியர் பாட்டை நிறுத்தாமலேயே ஒரு கணம் யோசித்துவிட்டு, அவரும் மடக்கிக் காட்டினார். அரங்கேற்றத்தில் அது இருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஏதாவது வேஷம் கொடுத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் மருதமலைக்குப் போகும்போது யார் பாட்டைப் போடுவது என்று ஒரு பஞ்சாயத்து நடந்து, வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். கணபதியிலிருந்து காந்திபுரம்வரை கவசம். லாலி ரோட்டிலிருந்து வடவள்ளிவரை சுறா. அதற்குமேல் அடிவாரம்வரை கும்மி. இடையில் காந்திபுரத்துக்கும் லாலி ரோட்டுக்கும் நடுவே இருப்பது மாப்பிள்ளைக்கு. அதில் கிராமி ஆல்பமோ, வரப்போகிற வேறு ஆல்பமோ, அவர் பாடு. சிக்னலில் சிவப்பு விழுந்தால் பச்சை வரும்வரைக்கும் கூடுதலாக ஓடட்டும் என்று ஒரு சலுகையும் தந்திருக்கிறாள். அன்றிலிருந்து மாப்பிள்ளை பச்சை விளக்கைக் கண்டாலே வண்டியை மெதுவாக்கிவிடுகிறார்.