துலித் மலைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை

போர்னியோ காட்டில் இற்றுப்போன மரக்கட்டை மேல் ஓர் அம்மாள் ஊர்ந்துகொண்டிருக்கிறாள். நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். முதுகெங்கும் கவசத் தகடு, ஓரமெங்கும் முள். தலை மட்டும் குண்டூசிக் கொண்டை மாதிரி. தொட்டால் அதையும் கேடயத்துக்குள் இழுத்துக்கொள்வாள். 25 கோடி வருஷத்துக்கு முன் பூண்டற்றுப்போன டிரைலோபைட், செத்ததை மறந்து உலாத்துவதுபோல் இருக்கும்.

1831இல் மாக்ஸிமிலியன் பெர்ட்டி என்ற ஜெர்மன்காரர் இந்த ஜாதியைப் பற்றி எழுதினார். அதிலிருந்து 'பெர்ட்டியின் புழு' என்று பெயர் நிலைத்தது. புழு என்றால் என்றைக்காவது சிறகு முளைத்து வண்டாக வேண்டுமல்லவா? ஐரோப்பாவின் அருங்காட்சியகங்கள் காத்திருந்தன. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, ஏறத்தாழ நூறு வருஷம். அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை.

1922இல் போர்னியோவின் சரவாக் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தார் எரிக் மியோபெர்க். ஸ்வீடன்காரர். அப்போது சரவாக்கை ஆண்டது ப்ரூக் என்ற ஆங்கிலக் குடும்பம். ராஜாவே வெள்ளைக்காரர் என்றால் மற்றதெல்லாம் சகஜம்தானே. மியோபெர்க்கின் பூர்வோத்தரம் அவ்வளவு சுகமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, 'கங்காரு எலும்பு' என்று சீட்டு ஒட்டி ஊருக்குக் கடத்தியவர். ஸ்வீடன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது 2004இல். சீட்டு ஒட்டுவதில் இப்படிப்பட்ட கைராசிக்காரர்தான் நம் அம்மாளுக்கு வரன் தேடப் புறப்பட்டார்.

1925இல் கட்டுரை வந்தது. மர்மம் 'திட்டவட்டமாகத் தீர்ந்தது' என்று தலைப்பிலேயே தம்பட்டம். நியாயமாகவே தீர்ந்துதான் இருந்தது. புழு புழுவே இல்லை; வயதுக்கு வந்த குமரி! கூட்டுப்புழு, சிறகு போன்ற சம்பிரதாயங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்கோலத்திலேயே முட்டையிடுகிறவள். மாப்பிள்ளை? 1 சென்டிமீட்டர்கூடத் தேறாத, சிறகுள்ள, சாதாரண வலைச்சிறகு வண்டு. இருவரையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தால், மணமகள் மடியில் யாரோ ஈயை விட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வீர்கள். துலித் மலையில் வசிப்பவள், புரியாத புதிர் என்ற பொருளில் 'துலித்திகோலா பாரடோக்ஸா' என்று பெயர் சூட்டினார். கையோடு ஒரு புதுப் பேரினமும் ஆயிற்று.

இங்கேதான் பிரான்சிலிருந்து மோரிஸ் பிக் எட்டிப்பார்க்கிறார். பல்லாயிரம் வண்டுகளுக்குப் பெயர் வைத்த மகானுபாவர். வர்ணனை பல சமயம் தந்தி வாசகம்போல் இரண்டு வரி. சொந்தமாகப் பத்திரிகையே நடத்தியதால், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. 1921இலேயே, மியோபெர்க் சரவாக்கில் இறங்குவதற்கு முன்பே, இதே குடும்பத்து ஆண் வண்டு ஒன்றைப் பார்த்து 'பிளாட்டெரோட்ரிலஸ்' என்று பேரினம் பதிந்துவிட்டிருந்தார். சம்சாரம் யார், எந்தக் கட்டையில் ஊர்கிறாள் என்ற விசாரணையே இல்லை. ஆக, மியோபெர்க் காட்டில் அட்டைக்கு ரத்தம் கொடுத்துத் தேடியபோது, மாப்பிள்ளை வீட்டார் பிரான்சில் குடும்ப அட்டையே வாங்கியாகிவிட்டது!

இரண்டும் ஒரே வம்சம் என்பது பிற்பாடுதான் தெளிந்தது. நடுவில் 1996இல் வோங் என்பவர் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து 'துலித்திகோலா ஹோய்செனி' என்ற புது இனத்தை விவரித்தார். 2014இல் செக் நாட்டின் மாசெக்கும் போசாக்கும் மரபணுவைப் பார்த்து, எந்தப் புழு எந்தச் சிறகனோடு சேரும் என்று சில ஜோடிகளுக்குப் பொருத்தம் பார்த்தார்கள். ஜாதகத்தை விட நம்பகமான பொருத்தம். கூடவே ஒரு டஜனுக்கும் மேல் புது இனங்களையும் அறிவித்தார்கள்.

விலங்குப் பெயர்ச் சட்டத்தில் முதலில் பதிந்தவர் பெயருக்கே மரியாதை. எனவே துலித் மலைக்காரி பிறந்தகத்துப் பேரினத்தை விட்டுப் புக்ககத்துக்குப் போனாள். அதோடு விட்டார்களா? 'பிளாட்டெரோட்ரிலஸ்' லத்தீனில் ஆண்பால். பின்னால் வரும் அடைமொழியும் ஆண்பாலாக இருந்தாக வேண்டும் என்பது விதி. 'பாரடோக்ஸா' இப்போது 'பாரடோக்ஸஸ்'.