ஆர்எம் அறியாத வேலி

வெலிமடையில் உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கக் கூலிக்கு வருகிறவர்கூட வேலியைக் கண்டால் நின்று, "அந்தப் பக்கம் யாருடையது, முதலாளி?" என்று கேட்பார். குனு லினக்ஸின் 'ஆர்எம்' கட்டளைக்கு அந்த நாகரிகம் கிடையாது. ஒரு கோப்புறையை அடியோடு அழிக்கச் சொன்னால், அதற்குள் மவுண்ட் செய்திருக்கும் பென் டிரைவுக்குள்ளும் புகுந்து, கல்யாணப் படம் முதல் கிராம சேவகர் சான்றிதழின் ஸ்கேன் வரை வழித்துத் துடைத்துவிடும். மிஞ்சிய வெறும் கோப்புறையை மட்டும் நீக்க முடியாமல், "சாதனம் வேலையாக இருக்கிறது" என்று பவ்வியமாகச் சொல்லும்.

ஒரு கோப்பு முறைமையின் எல்லையில் நிற்கவும் வழி உண்டு; நாம்தான் கேட்க வேண்டும். 'டியூ', 'சிபி', 'ஆர்சிங்க்' ஆகிய மூன்று கட்டளைகளுக்கும் ஒற்றை 'எக்ஸ்' தெரிவு போதும். 'ஃபைண்ட்' என்றால் 'எக்ஸ்டெவ்'. ஆர்எம்முக்கோ 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்று இடைக்கோடுகளோடு முழுப்பெயர் சொல்ல வேண்டும். வெறுமனே அளந்து பார்க்கும் டியூவுக்கு ஓரெழுத்து. ஆளையே முடிக்கும் ஆர்எம்முக்கு நீட்டி முழக்கம்!

2016இல் எல்லாக் கோப்புறைக்கும் வேரான ரூட்டையே அழித்துப் பார்த்தவர்களின் கணினிகளில், கணினியை எழுப்பும் ஃபர்ம்வேரின் அமைப்புகளான யூஇஎஃப்ஐ மாறிகளும், மவுண்ட் ஆகியிருந்ததால், சேர்ந்து போயின. சில மடிக்கணினிகள் மறுபடி எழவே இல்லை. லினக்ஸ் கர்னல் 4.5 அந்த மாறிகளுக்குப் பூட்டுப் போட்டது. ஆர்எம்மின் சுபாவம் மட்டும் மாறவில்லை.

அழிக்கிற கட்டளை எல்லையில் தானாக நிற்க வேண்டும். தாண்டுவதற்குத்தான் அனுமதி கேட்க வேண்டும். அந்த நல்ல நாள் வரும்வரை, என்டர் தட்டுமுன் ஒருமுறை 'ஃபைண்ட்எம்என்டி' (findmnt) அடித்து, உள்ளே என்னென்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.